இரண்டு கட்டளைக்கும் ஒரே ‘புதுப்பி’யா?

உபுண்டு, டெபியன் கணினிகளில் மென்பொருள் நிறுவக் கற்றுத்தரும் தமிழ்க் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் முதல் வரி ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, அடுத்தது ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’. பக்கத்தில் விளக்கம்: முன்னதற்கும் ‘புதுப்பிக்கவும்’, பின்னதற்கும் ‘புதுப்பிக்கவும்’. ஆசிரியர்களே, நம்ம பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

அப்டேட் எந்த மென்பொருளையும் தொடாது. சேவையகத்தில் என்னென்ன தொகுப்புகள், எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளும். விலைப்பட்டியல் கைக்கு வந்திருக்கிறது, சாமான் இன்னும் கடையில்தான் இருக்கு. அந்தப் பட்டியலைப் பார்த்துப் புதிய பதிப்புகளை நிறுவுவது அப்கிரேட். முதல் கட்டளையோடு நிறுத்திய மாணவன் “புதுப்பிச்சாச்சு சார்” என்பான். பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட அவன் கணினியில் ஏறியிருக்காது. இத்தனை தொகுப்புகளை இன்னும் உயர்த்தலாம் என்று திரையே சொல்லும். ஆனால், வேலை முடிந்தது என நினைப்பவன் அதை எங்கே படிக்கப் போகிறான்? முதல் கட்டளையைத் தாண்டிவிட்டு நேரே நிறுவப் போனாலும் வம்புதான். பழைய பட்டியலை நம்பி, சேவையகத்தில் இப்போது இல்லாத கோப்பைக் கேட்டு 404 பிழை வாங்கலாம்.

குறை தமிழில் மட்டும் இல்லை. ஆங்கிலப் பெயர்களே தெளிவில்லாதவை. ஃபெடோராவின் டிஎன்எஃப் கருவியில் அப்டேட் என்பது அப்கிரேடுக்கே இன்னொரு பெயர். அங்கே அது மென்பொருளையே மாற்றிவிடும்!

மலாயில் ‘கெமாஸ் கினி’ வேறு, ‘நாயேக் தாராஃப்’ வேறு. சாலையும் மருத்துவமனையும் ‘நாயேக் தாராஃப்’ ஆனால் ‘தரம் உயர்த்தப்பட்டது’ என்று நாமே எழுதுகிறோம். கணினி என்றதும் ஏன் கை ‘புதுப்பி’க்கே போகுது? ஆனால் கலைச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அந்த விளக்கங்களில் காணாமல் போனது செயப்படுபொருள். எதைப் புதுப்பிப்பது? ‘பட்டியலைப் புதுப்பி’, ‘தொகுப்புகளைத் தரம் உயர்த்து’ என்று எழுதிப் பாருங்க, குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ரிமூவ், பர்ஜ் இரண்டையும் ‘நீக்கு’ என்று எழுதுவதும் இதே கதைதான். ரிமூவ் செய்தால் நிரல் போகும், அதன் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும். பர்ஜ் அவற்றையும் சேர்த்து எடுக்கும். பயனரின் சொந்த அடைவில் உள்ள கோப்புகளை அதுவும் தொடாது. மாணவர்களே, எதை நீக்கும் என்று சொல்லாமல் ‘நீக்கும்’ என்று மட்டும் எழுதிய விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.