சுழியத்தின் முன் நின்ற அடைமொழி

ஒருவர் கூறும் உறுதிமொழியை அளக்கப் புகுவோர் அதன் வினைச்சொல்லோடு நின்றுவிடலாகாது. அதனைச் சூழ்ந்து நிற்கும் அடைமொழிகளையும் நோக்குதல் வேண்டும். ‘செய்வேன்’ என்பதற்கும் ‘இயன்றால் செய்வேன்’ என்பதற்கும் இடைப்பட்டது ஒரு சொல்லே. அவ்வொரு சொல்லில் கடமை முழுதும் கழன்றுவிடக்கூடும். மகிழுந்து நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட கரிவளிக் குறைப்பு உறுதிமொழிகளை இம்முறையில் ஆராய்தல் தமிழாசிரியர்க்கும் உரிய பணியாம்.

இஃது எங்கோ ஐரோப்பாவில் நிகழும் செய்தி என ஒதுக்கற்பாலதன்று. செமிலிங்கிலிருந்து பீடோங் சென்று வடக்கே திரும்பினால் குருண் வரும். அங்குள்ள மகிழுந்து ஆலையை வாங்கப்போவதாக ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. பியூஜோ, ஃபியட், ஜீப் முதலிய பெயர்களைத் தன்னுள் அடக்கிய பெருநிறுவனம் அது. தெற்கே கூலிமிலுள்ள இனோக்கோம் ஆலையில் பி.எம்.டபிள்யூ வண்டிகள் உறுப்புகள் பொருத்தப்பட்டு உருவாகின்றன. ஆதலின் இந்நிறுவனங்கள் உலகிற்குச் சொன்ன சொல் கெடா மக்களுக்கும் சொன்ன சொல்லே.

ஸ்டெல்லான்டிஸ் 2022 மார்ச்சு முதல் நாளன்று வெளியிட்ட திட்டத்தில், 2038-க்குள் ‘நிகரச் சுழியம்’ எய்துவதாக உறுதி கூறிற்று. ‘சுழியம்’ ஒன்றுமின்மையைக் குறிக்கும். ‘நிகர’ என்னும் அடையோ, வெளியிட்ட கரிவளியிலிருந்து, காடு வளர்த்தல் போன்ற வழிகளால் பிற இடத்தில் ஈடுசெய்ததைக் கழித்துக்கொள்ள இடந்தரும். அவ்வாறு ஈடுசெய்யும் பங்கு ஒற்றை இலக்க விழுக்காட்டளவே என அந்நிறுவனம் வரையறுத்தமை பாராட்டத்தக்கது. அடைமொழியின் எல்லை அதனால் தெளிவாயிற்று. தமிழில் பெயர்த்துரைப்போர் ‘நிகர’ என்பதை உதிர்த்துவிட்டு, ‘கரிவளியே வெளியிடாத நிறுவனம்’ என எழுதுவாராயின், நிறுவனமே சொல்லாத ஒன்றை அதன் வாயில் வைத்தவராவர்.

ஆலையின் புகையோடு, விற்ற வண்டி சாலையில் விடும் புகையையும் அக்கணக்கில் சேர்த்தமை மற்றொரு சிறப்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரிவளி வெளிப்படும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடின், 1,000 லிட்டர் எரியும், கரிவளி 2.3 டன், பத்தாண்டில் 23 டன். ஆலைக் கூரையில் சூரிய மின்தகடு பதித்தல் நற்செயலே; அஃது இந்த 23 டன்னைத் தொடுவதில்லை. மின்வண்டி இதனைக் குறைக்கும். எனினும் தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் பெரும்பங்கு பெறுமளவும், அதனையும் புகையற்றதென்று முற்றக் கூறுதல் பொருந்தாது.

இனி ‘ஒவ்வொரு வண்டிக்கும்’ என்னும் தொடரை நோக்குக. பி.எம்.டபிள்யூ 2021-இல் அறிவித்த இலக்கு, 2019-ஐ நோக்க, 2030-க்குள் ஒரு வண்டியின் வாழ்நாட் கரிவளியைக் குறைந்தது 40 விழுக்காடு குறைத்தல் என்பது. கணக்குக்காக, வண்டி ஒன்றுக்குப் பத்துப் பங்காக நூறு வண்டிகள் எனக் கொள்வோம், மொத்தம் ஆயிரம். அது ஆறு பங்காகக் குறைந்து, வண்டிகள் நூற்றைம்பதாகப் பெருகினால் மொத்தம் தொள்ளாயிரம். ஒன்றில் குறைந்தது 40 விழுக்காடு. மொத்தத்தில் குறைந்தது பத்தே விழுக்காடு. வானம் அறிவது மொத்தத்தையே.

காலம் செல்லச் செல்லச் சொற்கள் மாறுவதும் உண்டு. வோல்வோ நிறுவனம் 2030-இல் ‘மின்வண்டி’ மட்டுமே விற்பதாக 2021-இல் கூறியது. 2024 செப்டம்பரில், 90 முதல் 100 விழுக்காடு வரை ‘மின்மயமான’ வண்டிகள் என அதனைத் தளர்த்தியது. பெட்ரோலும் மின்சாரமும் கலந்தோடும், மின்னேற்றத்தக்க வண்டிகளும் பின்னைய சொல்லில் அடங்கும். இரண்டையும் ‘மின்வண்டி’ என்றே தமிழில் எழுதினால் பின்வாங்கல் புலப்படாது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமோ 2021-லேயே, ‘சந்தை நிலை இடந்தரும் இடங்களில்’ என்னும் கருத்தமைந்த நிபந்தனையைச் சேர்த்தே, இப்பத்தாண்டின் முடிவில் முழுதும் மின்வண்டிக்கு மாற ஆயத்தமாவதாகக் கூறியிருந்தது. 2024 பிப்ரவரியில், பத்தாண்டின் பின்பாதியில் மின்மயமானவை பாதியளவு வரை எட்டும் என்றது. முன்னது நிபந்தனையின்றிச் சொல்லித் தளர்ந்தது. பின்னது தளர்தற்கு வழிவைத்தே சொன்னது.

மின்னேற்று நிலையங்கள் போதாமை, அரசின் ஊக்கத்தொகை குறைவு ஆகியவற்றால் இலக்கு மாறுவது இயல்பே என்பர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் உறுதி சொல்லும் நாளில் பெரிய எழுத்திலும், நிபந்தனை சொல்லும் நாளில் சிறிய எழுத்திலும் அச்சிடுவது நேர்மையாகாது. வள்ளுவர் வாய்மையை அறத்துப்பாலிலும் வினைத்திட்பத்தைப் பொருட்பாலிலும் வைத்தார். தொழில் நிறுவனத்தின் உறுதிமொழிக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

இத்தகைய செய்தியை வகுப்பில் படிக்கத் தரும் ஆசிரியர் நான்கு வினாக்களை உடன் தருதல் நன்று: எவற்றின் கரிவளி? எவ்வாண்டை நோக்க? ஒன்றுக்கா, மொத்தத்துக்கா? எந்நிபந்தனையின் மேல்? இன்று முதலாம் ஆண்டில் பயிலும் குழந்தைகள் 2038-இல் வாக்களிக்கும் வயதினராவர். சொன்ன சொல் நின்றதா எனக் கேட்கும் உரிமை அவர்களுடையது. அச்சொல் யாது என்பதைத் திரிபின்றித் தமிழில் எழுதிவைத்தல் இன்றைய தமிழறிந்தார் கடன்.