கோட்டை உவமை போதுமா?

உடலின் நோய்த்தடுப்பு ஆற்றலைப் பற்றிய கட்டுரைகளை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். உடல் ஒரு கோட்டை, தோல் அதன் மதில், வெள்ளணுக்கள் போர்வீரர்கள், பாக்டீரியங்கள் பகைவர்கள். அநேகமாக எல்லாவற்றிலும் இதே உவமைதான். விரலில் முள் குத்திச் சீழ் பிடிப்பதை விளக்க இது போதும். ஆனால், பெண்ணின் இனப்பெருக்கப் பாதைக்கு இதைப் பொருத்தினால் தவறான கருத்தே மனத்தில் பதியும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் வாசலைக் கவனியுங்கள். யோனியில் கிருமிகளே இருக்கலாகாது என்பது கோட்டைக் கணக்கு. ஜெர்மன் மருத்துவர் ஆல்பெர்ட் டோடெர்லைன் 1892இல் வெளியிட்ட நூல் இதற்கு மாறானதைக் காட்டியது. அங்கே இயல்பாகவே கோல் வடிவப் பாக்டீரியங்கள் வாழ்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கித் தீய கிருமிகளை வளரவிடாமல் தடுக்கின்றன. தயிரைப் புளிக்க வைப்பதும் இந்த அமிலமே. இன்று அவற்றை லாக்டோபேசில்லஸ் என்கிறோம். ஆக, வாசற்காவலர்களே பாக்டீரியங்கள்தாம்!

அடுத்து, கருப்பையின் வாய். அங்குள்ள கெட்டியான சளியும் அதில் கலந்துள்ள எதிர்ப்புப் புரதங்களும் கிருமிகளைத் தடுக்கின்றன. தப்பி உள்ளே நுழைபவற்றை நியூட்ரோஃபில், மாக்ரோஃபேஜ் ஆகிய வெள்ளணுக்கள் விழுங்கிச் செரிக்கின்றன. இங்கே போர் உவமை ஓரளவு பொருந்துகிறது. ஆனால், இதே பாதையில்தான் ஆணின் விந்தணுவும் செல்ல வேண்டும். தந்தையின் கூறுகளைப் பாதியளவு கொண்ட கருவும் இங்கேயே வளர வேண்டும். 'அயலானைக் கண்டால் கொல்' என்பதே வெள்ளணுக்களின் விதியானால் மனித குலம் எப்படித் தழைக்கும்? கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருப்பை உட்சுவரிலுள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் 'இயற்கைக் கொல்லி அணுக்கள்'. பெயர்தான் கொல்லி. கருவுக்கு இரத்தம் தாராளமாகப் பாயும்படி தாயின் தமனிகளை விரிவாக்க உதவுவது அங்கே அவற்றின் முக்கியமான வேலை.

மூன்றாவதாக, கருக்குழல். கிளமிடியா என்னும் பாக்டீரியம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. பல பெண்களிடம் எந்த அறிகுறியும் தோன்றாது. அதை எதிர்த்து எழும் அழற்சி நீடித்தால் குழலின் மெல்லிய உட்சுவர் சிதைந்து தழும்பேறுகிறது; சில பெண்களுக்குக் குழலே அடைபட்டுக் குழந்தைப்பேறு இல்லாமற் போகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். படை பெருகப் பெருக நன்மை என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது.

'உவமைதானே, இதில் என்ன கேடு?' என்று நீங்கள் கேட்கலாம். கிருமியெல்லாம் பகை என்று படித்த மாணவி, கிருமிநாசினி கலந்த நீரால் உட்புறத்தைக் கழுவுவதே தூய்மை என்று நம்பிவிடுவாள். அப்படிக் கழுவினால் காவல் பாக்டீரியங்கள் குறைந்து தொற்றுக்கு இடமுண்டாகலாம். யோனி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். வெளிப்புறத்தை மட்டும் நீரால் கழுவினால் போதும். சிறிதளவு வெள்ளைப்படுதல் இயல்பானது. துர்நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். உவமை வேண்டுமானால் ஊர்க்காவலரைச் சொல்லுங்கள். உறவினர் யார், விருந்தினர் யார், திருடன் யார் என்று தெரிந்து நடப்பவர் அவர். திருடனைப் பிடிக்கும்போது வீட்டுச் சுவரை இடித்துவிடாத கவனமும் அவருக்கு வேண்டும்.