எண்களே, உங்களுக்கு ஒரு கும்பிடு!

போக்கர் ஆடுகிற யாரிடமாவது "ஆட்டம் எப்படிப் போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏஸ் ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டில் கவிழ்ந்த கதை ஒன்று கட்டாயம் வரும். எதிராளிக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த அந்த ஒற்றை இஸ்பேட் ஏழைப் பற்றிப் பெரிய ஒப்பாரியே நடக்கும். என்னிடம் கேட்டால் ஏஸைப் பற்றிப் பேசவே மாட்டேன். "ஸ்மால் பிளைண்டில் நூறு கைக்கு எவ்வளவு போகிறது தெரியுமா?" என்று ஆரம்பித்து, கேட்டவர் எழுந்து போகும்வரை நிறுத்த மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் எப்போதோ எழுந்து போய்விட்டார்கள். நீங்களாவது கொஞ்சம் உட்காருங்கள்.

என்னை இப்படி ஆக்கியது போக்கர் டிராக்கர் 4 என்ற மென்பொருள். ஹோல்டம் மேனேஜர், ஹேண்ட்2நோட் என்று இதற்குப் பங்காளிகளும் உண்டு. வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பல இணையத் தளங்கள் நாம் ஆடும் ஒவ்வொரு கையையும் ஓர் உரைக்கோப்பாக நம் கணினியிலேயே எழுதி வைக்கும். யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், யார் எவ்வளவு போட்டார்கள், யார் சீட்டை வீசினார்கள், கடைசியில் யார் அள்ளினார்கள் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். மென்பொருள் அதையெல்லாம் விழுங்கி, நம் ஆட்டத்தைச் சதவீதங்களாகப் பிரித்து முன்னால் வைக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எனக்குச் செய்ததை எந்தப் போக்கர் புத்தகமும் செய்ததில்லை!

நான் இருப்பது லண்டனில். ஆடுவது ஆறு பேர் உட்காரும் நோ லிமிட் ஹோல்டம். சீட்டு வருவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கட்டும் பிளைண்டு 2 சென்ட், 5 சென்ட்; சின்னது ஸ்மால், பெரியது பிக். இருப்பதில் மிகச் சின்ன மேஜைகளில் ஒன்று. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் இதை ஆட்டத்துக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் பிரியர்களுக்கு ஒரு விருந்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பரிமாறல் இரண்டு எண்கள். ஒன்று வி.பி.ஐ.பி. சீட்டைப் பார்த்தபின் நாமாக விரும்பிப் பணம் போட்டது நூற்றுக்கு எத்தனை கை என்பதைச் சொல்லும். கட்டாயமாகப் போடும் பிளைண்டு இதில் சேராது. இன்னொன்று பி.எஃப்.ஆர். ஃப்ளாப், அதாவது நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு, வருவதற்கு முன்பே தொகையை உயர்த்தி ரெய்ஸ் செய்தது நூற்றுக்கு எத்தனை என்பது. ஆறு பேர் மேஜையில் தொடர்ந்து ஜெயிப்பவர்களுக்கு முதல் எண் பெரும்பாலும் 22 முதல் 26 வரை, இரண்டாவது அதிலிருந்து நாலைந்து குறைவாக இருக்கும். எனக்கு வந்தது 31, 14. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் 17-ஐப் பாருங்கள்! நூற்றுக்குப் பதினேழு கையில் நான் ரெய்ஸ் செய்யவும் இல்லை, வீசவும் இல்லை. "என்னதான் வருகிறது பார்ப்போமே" என்று அடுத்தவர் போட்ட அளவே போட்டு, அதாவது கால் செய்துவிட்டு, வேடிக்கை பார்த்திருக்கிறேன். நான் அதிரடி ஆட்டக்காரன் என்று மனசுக்குள் கட்டி வைத்திருந்த பிம்பத்தை இரண்டே எண்கள் ஊதித் தள்ளிவிட்டன. சிரித்தே விட்டேன்.

அடுத்தது இடவாரியான அறிக்கை. இதுதான் என் உயிர்! பிளைண்டுகளில் உட்காரும் யாரும் நீண்ட ஓட்டத்தில் நஷ்டத்தில்தான் இருப்பார்கள். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கட்டுகிறோம், ஃப்ளாப்புக்குப் பின் முதலில் பேச வேண்டியவர்களும் நாம்தான். எல்லாச் சீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் பிக் பிளைண்டில் நூறு கைக்கு 100 பிக் பிளைண்டு போகும், என் மேஜையின் ஸ்மால் பிளைண்டில் 40 போகும். அந்த நஷ்டத்தை எவ்வளவு குறைக்கிறோம் என்பதில்தான் திறமை. ஸ்மால் பிளைண்டில் என் கணக்கு என்ன தெரியுமா? 56. மூளையைக் கசக்கி, பல்லைக் கடித்து ஆடியதற்குப் பதில் அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து போய்க் காப்பி போட்டிருந்தால் லாபம்! இதை எந்த நினைவும் எனக்குச் சொல்லியிருக்காது. ராஜாவும் ஒன்பதும் கையில் வந்தபோது குறைந்த விலைதானே என்று உள்ளே நுழைந்து, ஃப்ளாப்பில் ஒன்றும் ஒட்டாமல் வீசிய கைகளை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? பணம் போனது அந்த வழியாகத்தான்.

எனக்கு இந்த எண்கள் மேல் இவ்வளவு காதல் வரக் காரணமே இதுதான். மனசு பெரிய கைகளை மட்டும் சேர்த்து வைக்கிறது. காசு சின்னக் கைகளில் கசிகிறது. மென்பொருளுக்குப் பெரியது, சின்னது என்ற பாரபட்சம் இல்லை. மளிகைக் கடை நோட்டைப் போல, அரைக் கிலோ புளியையும் அரிசி மூட்டையையும் ஒரே பேனாவால் எழுதுகிறது.

இனி என் செல்லக் கணக்கு ஒன்று. ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவர், ஃப்ளாப் வந்ததும் தொடர்ந்து போடும் பெட்டுக்கு 'சி-பெட்' என்று பெயர். அதற்கு நான் நூற்றுக்கு 62 தடவை சீட்டை வீசிக்கொண்டிருந்தேன். நடுவே குவிந்த பணத்தில், அதாவது 'பாட்'-இல், 10 டாலர் இருக்கிறது, எதிராளி 5 டாலர் போடுகிறார் என்று வையுங்கள். 5-ஐப் பணயம் வைத்து 10-ஐ எடுக்கப் பார்க்கிறார். மூன்றில் ஒரு தடவை நான் வீசினாலே அவருக்குக் கை கடிக்காது. நான் 62 சதவீதம் வீசினால், வெறும் குப்பையை வைத்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் சராசரியாக 4 டாலர் 30 சென்ட் எடுத்துப் போகலாம்! பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 62 சதவீதம் 10 டாலர் வரவு, மீதி 38 சதவீதம் 5 டாலர் செலவு. என் சின்ன மேஜையில் அது சென்ட்டாகப் போனது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் 'பொறுமை' என்று பெயர் வைத்திருந்த குணம் மேஜையில் இருந்த ஐந்து பேருக்கும் மாதச் சம்பளமாகப் போயிருக்கிறது.

கடைசிச் சீட்டான ரிவரில் கதை தலைகீழ். அங்கே வடிகட்டி என்ற அற்புதம் உதவிக்கு வருகிறது. "ரிவரில் பாட் அளவுக்கு பெட் வந்து நான் கால் செய்த கைகளை மட்டும் காட்டு" என்றால் காட்டும். அப்படிப்பட்ட கால், மூன்றில் ஒன்று ஜெயித்தால் சமன். நான் ஜெயித்தது ஐந்தில் ஒன்றுதான். சின்ன மேஜைகளில் கடைசிச் சீட்டில் பெரிய தொகை போடுகிறவர் பெரும்பாலும் சீட்டை வைத்துக்கொண்டுதான் போடுகிறார். "பிளஃப் அடிக்கிறானோ" என்ற என் ஆர்வத்துக்கு நான் கொடுத்த விலை, வரிசை வரிசையாகத் திரையில் நின்றது. ஃப்ளாப்பில் கோழை, ரிவரில் வீரன்! எண்கள் இல்லாமல் இந்த விசித்திரப் பிராணியை நான் எங்கே சந்தித்திருப்பேன்?

வரைபடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஷோடவுனில் சீட்டைத் திருப்பிக் காட்டி ஜெயித்தது தனிக் கோடு; காட்டாமலே ஜெயித்தது, தோற்றது தனிக் கோடு. ஆட்டக்காரர்கள் பேச்சில் இவை நீலக் கோடு, சிவப்புக் கோடு. என் நீலக் கோடு மலையேறியது, சிவப்புக் கோடு கிணற்றில் இறங்கியது. சண்டையே போடாமல் எவ்வளவு நிலத்தை விட்டுக் கொடுத்தேன் என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் வேண்டாம். இன்னொரு கோடு இருக்கிறது, அது மருந்து. எல்லாப் பணமும் உள்ளே போன நேரத்தில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவோ அதை வைத்துப் போடப்படும் கோடு. ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை வெல்வது ஏறத்தாழ 82 சதவீதம். அப்படியென்றால் நூற்றுக்குப் பதினெட்டு தடவை தோற்றே தீர வேண்டும். அந்தக் கோட்டைப் பார்க்கப் பழகியதும் ஒப்பாரி வைக்கும் பழக்கம் என்னை விட்டு ஓடிப்போனது.

ஒரு எச்சரிக்கை, அதுவும் எனக்குப் பிடித்த கணக்குதான். ஆறு பேர் மேஜையில் ஏற்ற இறக்கம் பயங்கரம். நூறு கைக்குத் திட்ட விலக்கம் சுமார் 90 பிக் பிளைண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் கை ஆடியபின் உங்கள் வெற்றி விகிதம் நூறு கைக்கு 5 பிக் பிளைண்டு என்று காட்டினால், அதன் தடுமாற்றம் மட்டும் 9. ஒரு லட்சம் கைக்கு அது 3-க்குப் பக்கத்தில் வரும். ஆகவே லாப நஷ்ட எண்ணை அவசரப்பட்டு நம்பாதீர்கள், என் 56 உட்பட. வி.பி.ஐ.பி. போன்றவை சில நூறு கைகளிலேயே நிலைக்கு வந்துவிடும். அரிதாக நடப்பதை அளக்கும் எண்களுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும்.

இதெல்லாம் சின்ன மேஜைக்காரனின் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக மொத்தம் 1,20,000 கைகள் மோதி வென்றது. அதன் ரகசியங்களில் ஒன்று என்ன தெரியுமா? பகலில் மனிதர்கள் அதன் ஆட்டத்தில் எந்த ஓட்டையைக் குடைந்தார்கள் என்று பார்த்து, இரவில் அதை அடைத்துவிட்டு மறுநாள் வந்து உட்காரும். நாலு வல்லுநர்களும் திணறிப் போனார்கள். சூப்பர் கணினியில் ஓடிய அந்த நிரல் செய்ததைத்தான் நானும் சாப்பாட்டுக்குப் பின் செய்கிறேன் என்று நினைக்கும்போது வரும் பெருமை இருக்கிறதே!

எண் ஓட்டை இருக்கும் இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அதற்கு அந்தக் கைகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த வசதியும் உள்ளேயே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு ஓட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மால் பிளைண்டில் நான் போட்ட விதி ஒன்றே ஒன்று: ரெய்ஸ் செய், இல்லையென்றால் வீசு. அந்த இடத்தின் நஷ்டம் இறங்கத் தொடங்கியது, வி.பி.ஐ.பி.யும் தானாகக் கீழே வந்தது. ஆடும்போதே எதிராளிகளின் எண்களைத் திரையில் காட்டும் வசதியும் உண்டு. ஜி.ஜி. போக்கர் போன்ற தளங்கள் வெளி மென்பொருளை அனுமதிப்பதில்லை, விதியைப் படித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எண் எனக்கு ஊறுகாய்தான். என் எண்தான் சாப்பாடு.

இப்போது என் கண் த்ரீ-பெட் மேல், அதாவது ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ். நன்றாக ஆடுகிறவர்களுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், எனக்கு 4. மிக வலுவான சீட்டு இருந்தால்தான் திருப்பி அடிக்கிறேன் என்று மேஜைக்கே தெரிந்திருக்கும். அடைப்பதற்குப் புதிதாக ஒரு ஓட்டை கிடைத்துவிட்டது. இந்த வாரம் முழுக்க எனக்குத் தீபாவளிதான்!