விட்டுவந்த முயல்

ஜூடித் கெர் 1971இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது’ என்னும் நாவல், ஆசிரியரின் குடும்ப வரலாற்றைத் தழுவியது. 1933இல் பெர்லினை விட்டுத் தப்பும் யூதச் சிறுமி அன்னா, அதிகம் விளையாடாத புதிய கம்பளி நாயைத் தெரிந்துகொண்டு, நெடுநாள் பழகிய பொம்மை முயலை விட்டுச் செல்கிறாள். பின்னர் நாஜிகள் வீட்டுப் பொருள்கள் யாவற்றையும் பறிமுதல் செய்தபோது, அத்தெரிவு அவளை வருத்துகிறது.

பெருங்கொடுமையைக் குழந்தையின் கைக்கெட்டும் பொருளால் அளந்து காட்டுவதே இந்நூலின் சிறப்பு என்று கருதுகிறோம். ஆயினும் இதை இலகுவான கதையாக வாசித்துவிடலாகாது. அன்னா முயலை இழந்தாள், உயிர் தப்பினாள். ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்திலோ பெயர் எழுதிய பெட்டிகளும் சமையல் பாத்திரங்களும் எஞ்சியுள்ளன. அவற்றைச் சுமந்து வந்தோரில் மிகப் பலர் எஞ்சவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பவரே இந்நூலைச் சரிவர வாசித்தவராவர்.