இணையவழிப் பாடமும் 'கொள்ளாம் சார்' மதிப்பீடும்

எஸ்.யூ.எஸ். என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது. ஒரு மென்பொருளின் பயன்படுதன்மையை (ஆபீசில் நாங்கள் யூசபிலிட்டி என்போம்) அளப்பதற்காக, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ஜான் புரூக் 1986-ல் உருவாக்கியது. பத்தே வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று 1 முதல் 5 வரை எண் போடணும். ஒற்றைப்படை வாக்கியங்கள் மென்பொருளைப் பாராட்டுபவை, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை. ஒற்றைப்படையில் போட்ட எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கணும். இரட்டைப்படையில் 5-லிருந்து போட்ட எண்ணைக் கழிக்கணும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும்.

இப்போது ஒருவர் கேள்வியைப் படிக்காமலே பத்துக்கும் 5 போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டு வாக்கியங்களுக்கு 20, குறை வாக்கியங்களுக்கு 0. மொத்தம் 20, பெருக்கினால் 50. பத்துக்கும் 1 போட்டாலும் 50. பத்துக்கும் 3 போட்டாலும் அதே 50. காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கை முதலில் சொல்லக் காரணம், நம் மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் மதிப்பீட்டு அறிக்கை என் கைக்கு வந்தது. காசு கொடுத்து ஒரு இணையவழிக் கற்றல் தளம் வாங்கியிருக்கிறார்கள். அது எப்படி இருக்கிறது என்று மாணவர்களிடம் எஸ்.யூ.எஸ். வினாத்தாளைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். வந்த சராசரி ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியது. 'ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்பதால் மாணவர்களிடையே வரவேற்பு உள்ளது' என்று முடிவுரை எழுதிவிட்டார்கள்.

நமக்கு ஐம்பது என்றால் பாஸ். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். ஆனால் எஸ்.யூ.எஸ். மதிப்பெண் சதவீதம் கிடையாது. பல நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பொதுவான சராசரி 68 என்று சொல்கிறார்கள். அதற்குக் கீழே போனால் சராசரித் தளத்தைவிட மோசம் என்று பொருள். ஐம்பது என்பதோ, கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலே வருகிற எண். அறிக்கையோடு இருந்த மூலத் தாளைத் திறந்து பார்த்தேன். வரிசை வரிசையாக ஒரே எண். 4, 4, 4, 4. அடுத்த பையன் 5, 5, 5, 5. தளம் அருமை என்றும் சொல்கிறான், தேவையில்லாத சிக்கல் என்பதையும் முழுசாக ஏற்கிறான்.

அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். வினாத்தாள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது, அனுப்பியவர் இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர், முதல் கட்டத்தில் பெயரும் பதிவு எண்ணும் கேட்கிறது. இந்த நிலையில் எவன் குறை சொல்வான்? நம்ம ஊரில் யாராவது மரியாதைக்குரியவர் 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'கொள்ளாம் சார்' என்றுதான் பதில் வரும். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், பரவாயில்லை என்றும் அர்த்தம், 'ஆளை விடுங்க' என்றும் அர்த்தம். சொல்கிற குரலை வைத்துத்தான் எது என்று தெரியும். கூகுள் படிவத்தில் குரல் கேட்காது.

வினாத்தாளும் ஆங்கிலத்தில்தான் போயிருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு எட்டாவது வாக்கியத்தில் வருகிற 'கம்பர்சம்' என்ற சொல் புரியவில்லை என்று 2006-லேயே கிராய்க் ஃபின்ஸ்டாட் எழுதிவிட்டார். முதல் வாக்கியம் இன்னும் வேடிக்கை. இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவீர்களா என்று கேட்கிறது. இந்தத் தளத்தில் பாடத்தை முடிக்காவிட்டால் வருகைப் பதிவே கிடையாது. விரும்பினால் என்ன, விரும்பாவிட்டால் என்ன!

'டிஜிட்டல் அறிவு குறைவு' என்று ஒரு வரி அந்த அறிக்கையில் இருந்தது. அது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் இது, 91.75 சதவீதம். பிரச்சினை வேறு எங்கேயோ இருக்கணும் என்று தோன்றியதால், அதே தளத்தில் படிக்கிற, எங்கள் தெருவிலுள்ள ஒரு பெண்பிள்ளையின் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டும். அது அட்மிஷன் சமயத்தில் கொடுத்த அப்பாவின் எண்ணுக்குப் போகிறது. 'அப்பா துபாய்லல்லா இருக்காவ மாமா. போன் போட்டுக் கேக்கணும். டூட்டில இருந்தா அவிய எடுக்க மாட்டாவ' என்றாள். அதனால் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராமலே வைத்திருக்கிறாள். போன் அம்மாவுடையது. அம்மாவுக்கு அழைப்பு வந்தால் வீடியோ நிற்கும். திரும்பத் திறந்தால் ஆரம்பத்திலிருந்து ஓடும். முன்னே தள்ள விடாது, தள்ளினால் 'முழுதும் பார்த்தார்' என்ற கணக்கில் சேராதாம். ஆகவே அவள் கண்டுபிடித்த வழி, சத்தத்தைக் குறைத்துப் போனைச் சார்ஜில் போட்டு ஓடவிடுவது. 'அது பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கும், நான் சாப்பிட்டுட்டு இருப்பேன். நூறு சதவீதம்னு காட்டிரும். மனசுல ஒண்ணும் நிக்கல்ல.'

இவள் அந்த வினாத்தாளில் என்ன போட்டாள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் நாலு.

யாக்கோப் நீல்சன் 1994-ல் தொகுத்த பத்து விதிகளை வைத்துப் பார்த்தால் இதில் பாதியைப் பிடித்துவிடலாம். பயனர் கையில் கட்டுப்பாடு இருக்கணும் என்பது அவற்றில் ஒன்று, முன்னே தள்ள விடாத வீடியோ அதில் தோற்கும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. ஒரு வங்கிச் செயலியை மதிப்பிடுகிற அதே அளவுகோலால் கற்றல் தளத்தை மதிப்பிடலாமா? பணம் அனுப்புகிறவனுக்குப் பணம் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. எவ்வளவு எளிதோ அவ்வளவு நல்லது. படிப்பு அப்படி இல்லை. படிப்பில் ஒரு சிரமம் வேணும்.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பப் படித்த பிரிவினர். அதாவது, பாடம் முடிந்த உடனே 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், குறைவாகக் கற்றவன் நிறைவாகப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. எஸ்.யூ.எஸ். கேட்பது அந்த நேரத்தில்தான்.

எனவே நான் பார்க்கிற விஷயம், சிரமம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. அந்தப் பெண்ணின் தளத்தில் உள்ளே நுழைவது சிரமம், விட்ட இடத்தைப் பிடிப்பது சிரமம். பாடம் மட்டும் எந்தச் சிரமமும் கொடுக்காமல் தானாக ஓடி முடிகிறது. தலைகீழ்.

சரியான பக்கத்தில் சிரமம் வைத்த ஒரு தளம் தமிழில் ரொம்ப நாளாக இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் முளைத்த யோசனை, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது. பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் வா.செ. குழந்தைசாமி. அன்றைக்கு யூனிகோடு எல்லாக் கணினியிலும் ஒழுங்காகத் தெரியாது. வெளிநாட்டில், ராத்திரி வேலை முடிந்து வந்து உட்கார்கிற தமிழர்களை மனதில் வைத்து எழுதிய பாடங்கள் அவை.

அதன் பட்டப்படிப்புப் பாடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்திலேயே, இந்தப் பாடம் எதைச் சொல்கிறது, படித்தால் என்ன பயன் என்று இரண்டு தலைப்பு. பிறகு சின்னச் சின்னப் பகுதிகள், பெரும்பாலும் எழுத்து. நடுவில் நிறுத்தி 'தன்மதிப்பீடு' என்று சில வினாக்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விடைக்கு ஒரு இணைப்பு. அதை நீங்கள் அமுக்கினால்தான் விடை வரும். அமுக்குவதற்கு முன்னால் அரை நிமிடம் மனசுக்குள் தேடுகிறீர்கள் இல்லையா, ரோடிகர் சொன்னது அந்த அரை நிமிடத்தைத்தான். மார்க் இல்லை, யாரும் பார்க்கவில்லை, பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பாடத்தைப் படிக்க ஓ.டி.பி. கிடையாது. எழுத்துப் பக்கம் என்பதால் அம்மாவுக்கு அழைப்பு வந்தால் பேசி முடித்துவிட்டு விட்ட வரியிலிருந்து தொடரலாம்.

வடிவமைப்பாளர் கண்ணால் பார்த்தால் இந்தப் பழைய பக்கங்கள் தேறாது, அதையும் சொல்லணும். போன் திரைக்காகச் செய்தவை அல்ல. முகவரியில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். அதை வைத்து இது எந்தப் பாடம் என்று யாரும் சொல்ல முடியாது. நீல்சன் விதிகளோடு போனால் பக்கத்துக்கு நாலு குறை எழுதலாம். ஆனாலும் இரண்டையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்து ஒரு வாரம் கழித்து வந்து கேட்டால் எதிலிருந்து அதிகம் சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இது இப்போது அவசரமான விஷயமும்கூட. 2021-லிருந்து யூ.ஜி.சி. விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்புப் பெறலாம். திரை வழியே வருகிற பாடம் இனி பட்டத்தின் ஒரு பகுதி. கல்லூரிகள் தாமே தளம் வாங்குவதும் கூடும், வாங்கியதற்கு நியாயம் சொல்ல இந்த மாதிரி அறிக்கைகளும் கூடும்.

அந்த அறிக்கை எழுதியவர்களுக்கு நான் எழுதி அனுப்பியது சுருக்கமாக இது. வினாத்தாளைக் கைவிட வேண்டாம், பெயரை நீக்கிவிட்டு, தமிழில் கொடுங்கள். ஒரே எண் போட்ட தாள்களைத் தனியாக எண்ணி, அந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் போடுங்கள். ஐந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து பேரே 85 சதவீதக் குறைகளைக் காட்டிவிடுவார்கள் என்பது நீல்சனின் பிரபலமான கணக்கு. ஒவ்வொருவரும் 31 சதவீதக் குறைகளைக் கண்டுபிடிப்பார்கள் என்ற அனுமானத்தில் நிற்பது அது. ஐந்து பேரும் நாகர்கோவில் டவுனில் லேப்டாப்பும் வைஃபையும் உள்ள வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் அந்த அனுமானம் கவிழ்ந்துவிடும். விடியற்காலை ரப்பர் வெட்டப் போய்விட்டுக் கல்லூரிக்கு வருகிற விளவங்கோட்டுப் பையன் ஒருவன், அப்பா கடலுக்குப் போயிருக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, போனைத் தம்பியோடு பங்கு போடுகிறவர் ஒருவர் கட்டாயம் இருக்கணும். உட்காருகிறவர் அவர்களுக்கு மார்க் போடுகிற ஆசிரியராக இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து அதே ஐந்து பேரிடம், தளத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், பாடத்திலிருந்து ஐந்து கேள்வி கேளுங்கள்.

பதில் வந்தது. ஓ.டி.பி.க்கான எண்ணை மாற்ற ஒரு படிவம் வைக்கிறார்களாம். முன்னே தள்ளுகிற வசதி தளத்தை விற்றவர்கள் கையில் இருக்கிறது, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பேசுகிறோம் என்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்பது பற்றிப் பதிலில் ஒரு வார்த்தையும் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.