இடது கையில் நுகம், வலது கையில் உயரம்

ஃப்ளைட் சிமுலேட்டரில் செஸ்னா 172 விமானத்தைக் கீபோர்டால் தரையிறக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி முப்பது விநாடி மறக்காது. ஓடுபாதை நேரே தெரிகிறது, வேகம் 65 நாட். அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினால் மூக்கு எகிறுகிறது, விட்டால் குப்புறச் சாய்கிறது. எஞ்சினைக் குறைக்க ஒரு விசை, கூட்ட ஒரு விசை. இரண்டுக்கும் நடுவில் "கொஞ்சம்" என்ற அளவே கிடையாது. நாலு முறை தவளைபோல் குதித்து, ஐந்தாவது முறை புல்வெளியில் போய் நின்ற பிறகுதான் பலரும் யோக் என்ன விலை என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

யோக் என்றால் நுகத்தடி. விமானி இரு கைகளாலும் பிடிக்கத்தக்க, கொம்பு வைத்த அந்தத் திருப்பிக்கு மாட்டுவண்டியிலிருந்து போன பெயர் அது. இடம் வலமாகத் திருப்பினால் இறக்கைகள் சாயும். இழுத்தால் மூக்கு எழும், தள்ளினால் தாழும். காரின் ஸ்டியரிங் போலத் தோன்றினாலும் தரையில் ஓடும்போது திசை திருப்ப அது உதவாது. செஸ்னாவைத் தரையில் திருப்புவது காலடிப் பெடல்கள். புதிதாக யோக் வாங்கியவர் டாக்ஸி பாதையில் அதை மாங்கு மாங்கென்று திருப்பிவிட்டு, விமானம் நேராகப் புல்லுக்குள் போவதைப் பார்த்து முழிப்பது வழக்கமான முதல் நாள் காட்சி.

வீட்டுப் பயன்பாட்டுக்கான யோக்குகளில் இரண்டு குடும்பங்களை ஒப்பிட்டாலே போதும். ஒன்று லாஜிடெக் விற்கும் ஃப்ளைட் யோக் சிஸ்டம். இது பிறந்தது சைடெக் என்ற வேறு வீட்டில். 2016இல் அந்தப் பெயரையும் சரக்கையும் லாஜிடெக் வாங்கிக்கொண்டது. யோக்கோடு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மூன்று நெம்புகோல் கொண்ட த்ராட்டில் பெட்டியும் சேர்ந்தே வரும். மற்றொன்று ஹனிகோம்ப் நிறுவனத்தின் ஆல்ஃபா யோக்கும் பிராவோ த்ராட்டிலும். இவற்றைத் தனித்தனியாக வாங்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து அமெரிக்காவிலேயே விலை அதிகம். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரி வேறு.

கையில் பிடித்த மறுநிமிடமே தெரியும் வித்தியாசம் திருப்பும் அளவு. லாஜிடெக் யோக் ஒரு பக்கத்துக்கு 45 பாகை, ஆக மொத்தம் 90 பாகைதான் சுழலும். ஆல்ஃபா 180 பாகை. செஸ்னாவின் யோக்கும் ஏறக்குறைய அந்த அளவுக்குத் திரும்பும். குறைந்த சுழற்சியில் கை சற்று அசைந்தாலே இறக்கை அதிகமாகச் சாய்கிறது. தரையிறங்கும்போது செய்யவேண்டிய நுணுக்கமான திருத்தங்கள் தடித்துப்போகின்றன. போதாததற்கு, லாஜிடெக்கில் நட்டநடுவில் ஒரு சின்னப் பள்ளம் வைத்திருக்கிறார்கள், யோக் நடுவுக்கு வந்ததைக் கை உணர்வதற்காக. நேராகப் பறப்பதற்கு அது வசதிதான். ஆனால் தரையிறங்குவது என்பதே நடுவைச் சுற்றி ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் வேலை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுவது மேடுபள்ளச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது போல இருக்கிறது. ஆல்ஃபாவில் இந்தப் பள்ளம் இல்லை.

ஆல்ஃபாவின் முகப்பில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், விளக்குகள் ஆகியவற்றுக்கான சுவிட்சுகளும் சாவி வடிவில் ஓர் இக்னிஷன் திருகும் இருக்கின்றன. திருகை ஸ்டார்ட் வரை முறுக்கிப் பிடித்து, எஞ்சின் பற்றியதும் விட்டால் ஒரு படி பின்வாங்கி நிற்கிறது. பறப்பதற்கு இது அவசியமா என்றால் இல்லை. ஆனாலும் நாலு நாள் கழித்துப் பார்த்தால், கை அதிகம் தேடுவது அந்தத் திருகைத்தான்.

யோக் வாங்கினால் தரையிறக்கம் கைகூடிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் உண்மை. வித்தியாசத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் வலது கை.

இடப்பக்க இருக்கையில் அமரும் விமானிக்கு இடது கை யோக்கில், வலது கை த்ராட்டிலில். சிறிய விமானங்களில் இறங்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பது யோக், இறங்கும் வீதத்தைத் தீர்மானிப்பது த்ராட்டில் என்றுதான் பல பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். காரோட்டிப் பழகிய மூளைக்கு இது தலைகீழ்ப் பாடம். வேகம் 60 நாட்டுக்குக் குறைந்தால் த்ராட்டிலைக் கூட்டத் தோன்றும். செய்யவேண்டியது மூக்கைச் சற்றுத் தாழ்த்துவது. ஓடுபாதைக்கு முன்பே விழுந்துவிடுவோம் போலிருந்தால் யோக்கை இழுக்கத் தோன்றும். அப்படி இழுத்தால் வேகம் செத்து விமானம் இன்னும் சீக்கிரம் விழும். அப்போது செய்யவேண்டியது த்ராட்டிலின் கறுப்புக் குமிழை விரலளவு முன்னே தள்ளுவது. கீபோர்டில் இந்த விரலளவு கிடையாது என்பதால், பாடத்தைப் படித்தாலும் பழக முடிவதில்லை. நெம்புகோல் கைக்கு வந்த பிறகு சில மாலைகளிலேயே இரண்டு கைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்குகின்றன.

கறுப்பு த்ராட்டிலுக்கு, நீலம் புரொப்பெல்லருக்கு, சிவப்பு எரிபொருள்-காற்றுக் கலவைக்கு. உலகெங்கும் சிறிய விமானங்களில் இதே நிறங்கள்தாம். சிவப்புக் குமிழை முழுக்க முன்னே தள்ளிவைத்துவிட்டு அதை மறந்தே போகிறவர்கள் அதிகம். அவர்கள் ஒருமுறை நேபாளத்தின் லுக்லாவில் விமானத்தைக் கிளப்பிப் பார்க்கலாம். எவரெஸ்ட் ஏறுவோர் வந்திறங்கும் அந்த நிலையம் 9,300 அடிக்கு மேலே இருக்கிறது. ஓடுபாதை 527 மீட்டர், அதுவும் சரிவு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே பாய்ந்தால் எஞ்சின் மூச்சு முட்டித் திணறும். கலவையைத் தானாகச் சரிசெய்யும் உதவியை அமைப்புகளில் அணைத்துவிட்டு, சிவப்பு நெம்புகோலை மெல்லப் பின்னிழுத்தால், ஓரிடத்தில் எஞ்சினின் குரல் தெளிந்து சுழற்சி ஏறுகிறது. அந்த இடத்தைக் கையால் தேடிக் கண்டுபிடிக்கும் சுகத்தை எந்த விசையும் தராது.

பிராவோவில் இத்தகைய நெம்புகோல்கள் ஆறு. பிடிகளைக் கழற்றி மாற்றி, செஸ்னாவுக்கு ஒரு மாதிரியும் நான்கு எஞ்சின் ஜெட்டுக்கு வேறு மாதிரியும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டோபைலட் பொத்தான்கள், சக்கரங்களை இறக்கும் நெம்புகோல், ஃப்ளாப் நெம்புகோல், எச்சரிக்கை விளக்குகள் என்று ஒரு கடையையே விரித்திருக்கிறார்கள். இதில் காசுக்கு நிஜமான பயன் தருவது, யோக்கைப் பிடித்திருக்கும் கனத்தைக் குறைக்கும் ட்ரிம் சக்கரம். அதே சக்கரம்தான் குறையும் வைத்திருக்கிறது. நெம்புகோல்களைப்போல் தன் நிலையைச் சொல்லாமல், சுற்றச் சுற்றப் பொத்தான் அழுத்தியதுபோன்ற துடிப்புகளையே கணினிக்கு அனுப்புகிறது. எனவே விறுவிறுவென்று சுற்றினாலும் விமானம் மெதுவாகவே கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, காத்திருந்து, மறுபடி சுற்றப் பழக வேண்டும்.

ட்ரிம்மைப் பற்றி இன்னொரு சங்கதி. இது எந்தக் கம்பெனியின் குற்றமும் அல்ல, வில் வைத்த எல்லா யோக்குக்கும் உள்ள விதி. நிஜ விமானத்தில் யோக்கை இழுத்துப் பிடித்தபடி ட்ரிம் சக்கரத்தைச் சுற்றினால், கையில் உள்ள கனம் கரைந்து, யோக் இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். மேசை யோக்குக்குள் இருக்கும் வில்லுக்கு அது தெரியாது. என்ன செய்தாலும் நடுவுக்கே திரும்பப் பார்க்கும். ஆகவே வீட்டில் ட்ரிம்மைச் சுற்றச் சுற்ற, அதே வேகத்தில் கையைத் தளர்த்தி யோக்கை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இதே காரணத்தால், நின்றுகொண்டிருக்கும்போதும் 120 நாட்டில் பறக்கும்போதும் மேசை யோக் ஒரே கனமாக இருக்கிறது. நிஜத்தில் வேகம் கூடக் கூட அது இறுகும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நெருங்கும்போது சாதம் கிளறும் கரண்டிபோலத் தொளதொளக்கும். மோட்டார் வைத்து இந்தக் கனத்தை உருவாக்கும் யோக்குகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் புரூன்னர் செய்வது அப்படிப்பட்டது. அதன் விலைக்குப் பழைய கார் ஒன்று வாங்கலாம்.

இவ்வளவு செலவு செய்து ஓட்டும் நேரம் லைசென்ஸ் கணக்கில் சேருமா? சேராது. அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் ஒப்புதல் பெற்ற பயிற்சிக் கருவிகளில் ஓட்டிய மணி நேரத்தை மட்டுமே, அதுவும் ஒரு வரம்புக்குள், ஏற்கிறார்கள். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிக்கு அடிப்படைக் கருவியில் 10 மணி, மேம்பட்ட கருவியில் 20 மணி. படுக்கையறை மேசைக்கு அந்த ஒப்புதல் கிடையாது.

இன்னொரு கேள்வியையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது: ஓட்டப்போவது எந்த விமானம்? சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் இண்டிகோவை ஓட்டிப் பார்க்கும் ஆசை என்றால் யோக்கே தப்பான பொருள். ஏர்பஸ் ஏ320இல் யோக் கிடையாது, பக்கவாட்டில் ஒரு சிறிய ஸ்டிக்தான். அதற்கு த்ரஸ்ட்மாஸ்டரின் ஏர்பஸ் பதிப்பு ஸ்டிக்கும், ஏர்பஸ்ஸின் படிநிலைகள் வெட்டிய அதன் த்ராட்டிலும் பொருந்தும். அதே இண்டிகோவின் சிறிய ஏடிஆர் விமானத்தில் யோக்தான்.

செஸ்னாவும் பீச்கிராஃப்ட்டும் போயிங்கும் ஓட்டுகிறவர்களில், காசை ஒரே தடவையில் இறக்க முடியாதவர்கள் முதலில் த்ராட்டிலை வாங்குவது மேல். லாஜிடெக்கின் மூன்று நெம்புகோல் பெட்டி தனியாகவும் கிடைக்கிறது. பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று வீட்டில் இருந்தால் இடது கைக்கு அதுவே கொஞ்ச காலம் ஓடும். அடுத்து பெடல்கள், யோக் கடைசியில். கடைக்காரர்கள் இந்த வரிசையை விரும்ப மாட்டார்கள்.

பொருத்துவதில் ஒரு தொல்லை. யோக் உட்காருவது கீபோர்டு இருந்த அதே இடத்தில். தண்டு மார்பை நோக்கி நீளும். நிஜ செஸ்னாவில் மடிக்குச் சற்று மேலே இருக்கும் பிடி, மேசைமேல் ஏறியதும் நெஞ்சுயரத்துக்கு வந்துவிடுகிறது. நாற்காலியை உயர்த்தியே தீர வேண்டும். முதல் தடவை ஓடுபாதையில் தயாராக நிற்கும் விமானத்தைத் திறந்ததும், நெம்புகோல்கள் ஒவ்வொன்றையும் ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்துவிட வேண்டும். அசைக்கும்வரை அவை எங்கே நிற்கின்றன என்று மென்பொருளுக்குத் தெரியாது. பேட்டரி சுவிட்ச் கையில் அணைந்தும் திரையில் எரிந்தும் இருக்கும் குழப்பமும் இதே வகை. கடைசியாக, மேசையின் மேல்தளம் கண்ணாடி என்றால் கிளாம்ப்பை முறுக்கும் முன் இன்னொரு மேசை தேடுவது உத்தமம்.