பல்லுக்குள் ஒரு மலாயா மரம்

மலேசியாவின் பூச்சோங்கில் பல் மருத்துவமனைப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. எதில் வேர்ச் சிகிச்சைக்குப் படுத்தாலும், நரம்பு எடுத்த குழாயை நிரப்பப்போவது பெரும்பாலும் இந்த வட்டாரத்துக் காட்டுச் சரக்குதான்: கட்டாபெர்ச்சா.

தாபான் மரத்துப் பால் அது. வெந்நீரில் குழையும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். 1843இல் சிங்கப்பூர் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அதை லண்டனுக்கு அனுப்பினார். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே போட்ட கடலடித் தந்திக் கம்பிக்கு அதுவே உறை. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள் என்பது தனிச் சோகம்.

இன்று பல்லை நிரப்ப மருத்துவர் இடுக்கியில் எடுக்கும் ஊசிமுனைக் குச்சியில் கட்டாபெர்ச்சா ஐந்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. உடம்பு அதை வெறுப்பதில்லை, தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம். இவ்வளவு நல்ல குணத்திலும் ஒரு குறை: பல்லோடு ஒட்டாது. இடைவெளியை அடைக்கத் தனியே ஒரு பசை வேண்டும். முன்பு கிராம்பெண்ணெய்ச் சத்துக் கலந்தது, பிறகு எப்பாக்சி, இப்போது ஈரத்திலேயே இறுகும் கால்சியம் சிலிகேட்.

இந்தப் பசைகள் கசிகின்றனவா என்று பார்க்க, ஆய்வாளர்கள் பிடுங்கிய பற்களை நிரப்பி, நீலச் சாயத்தில் ஊறப்போட்டு, பிளந்து, கசிவை அளந்து பார்த்தார்கள். ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறியது. முழுக்கக் கசியாத பொருள் என்று எதுவும் தேறவில்லை. சாயச் சோதனையை ரொம்ப நம்பவும் முடியாது.

மேலிருந்து எச்சில் இறங்கினால் எந்தப் பசையும் நெடுநாள் தாங்காது. வலி போய்விட்டதென்று தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் திரியாதீர்கள். நிரந்தர அடைப்பையோ உறையையோ சீக்கிரம் போட்டுவிடுங்கள்.